சான்றுப் பொருள் பதினேழு

போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து முப்பத்தொன்பது வருடம் கழித்து, குற்றம் சாட்டப்பட்ட இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் செத்துப் போய், மிச்சமிருந்த ஏழு பேருக்கும் கண் மங்கிக் காது மந்தமான பிறகு, குளிர்பாறைத் தேயிலை எஸ்டேட் கல்லெறி வழக்கு ஒருவழியாக முடிந்து எல்லோரும் விடுதலையானார்கள். அவர்களோடு சேர்ந்து நாற்பத்து மூன்று கற்களும் விடுதலையாயின.

தொழிலாளர்கள் போலீஸ் மேல் எறிந்தவை என்று அரசுத் தரப்பு கோர்ட்டில் கொண்டுவந்து குவித்த கற்கள் அவை. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டு, சாக்கில் கட்டி, நீதிமன்றத்துப் பின்னறையில் ரத்தக்கறைச் சேலைகளுக்கும் திருட்டு சைக்கிள்களுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். எழுத்தர் ஆள் அனுப்பி, தொழிற்சங்கத்துப் பழைய ஆள் சிங்கராயனை வரவழைத்தார்.

"பெரியவரே, உங்க சொத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. எலி குட்டி போடுது."

"எனக்கு ஏதுய்யா சொத்து?"

"கல்லுதான். உங்க ஆளுங்களோடதுன்னு எழுதியிருக்கே."

"ஃபேக்டரி முற்றத்துல போலீஸ்காரன் பொறுக்குனது அது. நாங்க எறியவே இல்லைன்னு முப்பத்தொன்பது வருஷமா சொல்றோம்."

"பொறுக்குனவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. கையெழுத்துப் போடுங்க."

சிங்கராயன் கையெழுத்துப் போட்டார். நன்றாகப் போடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. அதற்கு மேல் அவருக்குப் பாடம் சொன்னவை துண்டறிக்கைகள். சந்தையில், பேருந்து நிலையத்தில், கூட்டம் கலைந்த மைதானத்தில் மிதிபட்டுக் கிடந்த தாள்களைப் பொறுக்கி எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு தானே எழுதி, பிறகு எழுதியதைத் தானே நம்பி, எழுபத்து நான்கு வயதுக்கு வந்து சேர்ந்த மனிதர். கல்யாணம் இல்லை. சங்க அலுவலகத்தின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கூரை வரை துண்டறிக்கை. சங்கம் மூன்றாக உடைந்து, மூன்றிலும் அவருக்குப் பதவி இல்லாமல் போய், மேடையில் மட்டும் ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. அந்த நாற்காலிக்கு ஒரு காரணம் இருந்தது. அது அலுவலக வாசலில் நின்ற தியாகிகள் தூணில் எழுதியிருந்தது: ஐந்து பேரின் பெயர், அதற்குக் கீழே, 'களத்தில் நின்று முழங்கியவர் தோழர் சிங்கராயன்'.

கற்கள் ஜீப்பில் வந்து தூணின் காலடியில் குவிந்தன. அதே மாதத்தில்தான், மேலே துரை பங்களாவை விடுதியாக்க எடுத்தவர்கள், ஒரு காலத்தில் துரைசானி ஆசையாகப் போட்டு வைத்திருந்த கல்தோட்டத்தைக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பெயர்த்து ரோட்டோரம் கொட்டினார்கள். அதில் ஒரு செடி கிடந்தது. செடி என்றால், கைமுட்டி அளவு ஒரு பச்சை மெத்தை; சீரகத்தைவிடச் சிறிய இலைகள், ஒன்றோடொன்று இறுகிப் பாசிபோல அடைந்து, அழுத்தினால் விரல் உள்ளே போகாத ஒரு பிடிவாதம். துரைசானி தன் ஊர்ப் பனிமலையிலிருந்து கொண்டுவந்ததாம். நான்கு விரற்கடைக்கு மேல் வளராது; பனியில் கருகாது; நூறு வருடமாகச் சாகவுமில்லை.

"துரைசானி செடி நம்ம கல்லுல கெடந்து சாகட்டும்" என்று சொல்லி சிங்கராயன் அதை எடுத்து வந்தார். சொன்னது வன்மத்தில்தான். ஆனால் அது சாகவில்லை, வன்மமும் நிலைக்கவில்லை, ஏனென்றால் அவரிடம் அதற்கும் ஒரு துண்டறிக்கை இருந்தது. என்றைக்கோ ஒரு மலர்க் கண்காட்சி வாசலில் இனாமாகக் கொடுத்த எட்டுப் பக்கத் தாள், 'குளிர்மலைச் செடிகளுக்கான கல்தோட்டம்'. அச்சில் இருந்ததால் அவர் அதை நம்பினார். அதன்படி நாற்பத்து மூன்று கற்களையும் சரிவாக அடுக்கி, ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து, மண் என்றால் மண் இல்லை, பாதி ஓடைமணல் பாதி உடைத்த ஜல்லி, மெத்தையைப் பதினோரு துண்டாகப் பிரித்து இடுக்குகளில் சொருகி, வேரும் தண்டும் சேருகிற கழுத்தில் ஈரம் படாதபடி ஒவ்வொன்றைச் சுற்றியும் பொடிக்கல் பரப்பினார். பதினேழாம் எண் கல்லில் நடுவே ஒரு விரிசல் இருந்தது. கடைசித் துண்டை, இருப்பதிலேயே சின்னதை, அந்த விரிசலில் வைத்தார்.

அந்தத் தாளின் ஆறாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'இச்செடிக்கு ஊட்டம் ஆகாது. உரமிட்டால் தழைக்கும், தழைத்தால் கழுத்து அழுகும்.' சிங்கராயனுக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. அதைத் தன் வாழ்க்கை வரலாறாகவே எடுத்துக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில், புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு காலையில், வேலைக்குப் பெயர் பதிய மஸ்டருக்குப் போகும் கூட்டம் தூணைக் கடந்துகொண்டிருந்தபோது, முதல் வெயில் கல்தோட்டத்தில் விழுந்தது, மெத்தைகளில் மிளகளவு மொட்டுகள் விரிந்து ஊதா நிறத்தில் பூத்தன, பதினேழாம் கல்லின் விரிசலில் இருந்த பூ கேட்டது:

"மலையை வெட்டுனது யாரு?"

மற்ற எல்லாப் பூக்களும் சேர்ந்து சொல்லின: "நாங்க!"

"செடியை நட்டது யாரு?"

"நாங்க!"

"பட்டினி கெடக்குறது யாரு?"

"நாங்க!"

அவ்வளவுதான். மூன்று கேள்வி, மூன்று பதில். பிறகு பூக்கள் பூக்களாக இருந்தன. மறுநாள் வெயில் படும்போது மறுபடி மூன்று.

யாரும் மயங்கி விழவில்லை. எஸ்டேட் ஜனம் ஆச்சரியப்படுவதற்கென்று நேரம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. ஏழே முக்காலுக்குள் மஸ்டரில் பெயர் கொடுக்காவிட்டால் அரைநாள் கூலி போய்விடும். முதல் நாள் ஒரு நிமிடம் நின்றார்கள். இரண்டாம் நாள் நடந்துகொண்டே கேட்டார்கள். மூன்றாம் நாள் சீனியம்மா, துப்பாக்கிச்சூட்டில் புருஷன் ராக்கனைப் பறிகொடுத்தவள், பத்தொன்பதாம் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து காது வைத்து, "அட, இந்த மனுசன் இன்னமும் தொண்டையைச் செருமாமத்தான் கத்துறாரு" என்றாள். அடுத்த பூவிடம் போனவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இது நானு! என் தொண்டையாடி இது? எப்படிக் கணீர்னு இருந்திருக்கேன் பாரு."

அன்றைக்குக் கலைந்த கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவர் குரலும் அந்தப் பூக்களில் இருந்தது, செத்தவர்களுடையதும் இருப்பவர்களுடையதும். ஒரு வாரத்துக்குள் குடும்பங்கள் பூக்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. இது எங்க பாட்டன், அது உங்க சின்னாயி, இடம் மாத்தி நிக்காத. குடிகாரனாகச் செத்த ஒருவரின் மகன்கள், அப்பன் ஒருநாளாவது தெளிவாகப் பேசியிருக்கிறான் என்று கேட்பதற்காகவே வந்தார்கள். எஸ்டேட் சங்கு பழுதானபோது நிர்வாகம் அதைச் சரிசெய்யவில்லை. பூ முழங்கினால் ஆட்கள் தானாக மஸ்டருக்கு வந்துவிடுகிறார்கள் என்று துணை மேலாளர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டியது. விடுதிக்காரர்கள் கம்பளி போர்த்திய விருந்தாளிகளை அழைத்துவந்து, காலை முழக்கம் கேட்க வைத்து, ஏலக்காய் தேநீர் கொடுத்துக் கூட்டிப் போனார்கள். பட்டினி கெடக்குறது யாரு என்று பூ கேட்கும்போது அவர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அதுவும் இரண்டே நாளில் பழகிப் போனது.

கேள்வி கேட்கிற பூவை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை. அது யாருடையது என்பதுதான் தூணில் எழுதியிருந்ததே.

ஆனால் அது பெண் குரல்.

சீனியம்மாதான் கேட்டாள். வம்புக்கு இல்லை, வெறுமனே. "சிங்கராயண்ணே, நீங்கதானே முன்னால நின்னு கேட்டீங்க? இது என்ன, பொம்பளைத் தொண்டையா இருக்கு?"

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். சிங்கராயன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பல மேடைகள் பார்த்தவர். நிற்க ஒரு வினாடி போதும்.

"முப்பத்தொன்பது வருஷம் கோர்ட்டு ரூம்ல அடைஞ்சு கெடந்த குரலும்மா. குளிர்ல மெலிஞ்சிருச்சு."

"அதுவும் சரிதான்" என்றாள் சீனியம்மா. "நான் பின்வரிசைல நின்னேன். அந்தக் கூட்டத்துல யாரு மூஞ்சி தெரிஞ்சது? முன்னால நின்னவங்க ஒருத்தரும் இப்ப இல்ல. நோட்டீசு வந்தப்புறம்தானே நாங்களே தெரிஞ்சுக்கிட்டோம்."

அது உண்மை. துப்பாக்கிச்சூடு நடந்த நான்காம் நாள் சிங்கராயன் எழுதி அச்சடித்த நோட்டீஸ்தான் அந்த ஜனங்கள் தங்கள் பெயரை அச்சில் பார்த்த முதல் தாள். 'நான் கேட்டேன், நூறு குரல் பதில் சொன்னது' என்று அதில் இருந்தது. தன் பெயர் சரியாக இருக்கிற தாளில் அடுத்த வரியை மட்டும் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று உண்மையில் நடந்தது சிங்கராயனுக்கு மட்டும் தெரியும். போலீஸ் வண்டி வளைவில் தெரிந்ததும், "ஃபேக்டரி மேல கொடி ஏத்திட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு ஏறினார். கொடியைக் கட்டத்தான் ஏறினார். இன்றைக்கும் அதைச் சத்தியம் செய்து சொல்லுவார். மாடிச் சன்னலின் மரச்சட்ட இடுக்கு வழியாகக் கீழே துப்பாக்கிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். ஈரக் கொழுந்துக்குள் படுத்தார். கீழே கூட்டம் முழக்கத்துக்காகக் காத்து நின்றது, அவர் வாயைத் திறந்தார், வாயிலிருந்து குளிருக்கு வெள்ளை ஆவிதான் வந்தது. அப்போதுதான் கீழே ஒரு பெண் கேட்டாள், மலையை வெட்டுனது யாரு என்று. பொன்னுக்கிளி. இருபத்தொரு வயது. ஏழு மாதக் குழந்தையைப் பிள்ளைக்காப்பகத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு வந்தவள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்த உடனே சுட்டார்கள். அவள் அங்கேயே சாகவில்லை. பதினோராம் நாள், கீழே பெரியாஸ்பத்திரியில் செத்தாள். நோட்டீஸ் அதற்குள் அச்சாகிவிட்டது. ஐந்து பேர் என்று எழுதியாகிவிட்டது. ஆறு என்று மாற்றினால், ஆறாவது ஆள் எங்கே நின்றாள், என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். அவர் எழுதவில்லை. பொன்னுக்கிளியின் புருஷன் கீழ்நாட்டுக்கு இறங்கி வேறு கல்யாணம் செய்துகொண்டான். வயிற்றில் குண்டோடு செத்தவள் காலப்போக்கில் ஊர்ப்பேச்சில் காய்ச்சலில் செத்தவளாக ஆகிப்போனாள்.

குழந்தை வளர்ந்தது. தவமணி என்று பெயர். ஆறாம் லயன் வரிசை வீடுகளில் இருந்தாள், நாற்பதை எட்டிய கொழுந்துக்காரி, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி மேட்டில் நின்று "எடைக்கு வாங்கடீ!" என்று கூப்பிட்டால் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். அவள் வீடு வேறு பக்கம்; தூண் வழியாக மஸ்டருக்கு வருவதில்லை. தை பிறந்து பத்து நாள் கழித்து, யாரோ சொல்லக் கேட்டு வந்தாள். வெயில் விழுந்தது. பூ கேட்டது.

தவமணிக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பூவைப் பார்க்கவில்லை, திரும்பி அவளைப் பார்த்தார்கள். நீயா பேசினே என்பதுபோல.

அன்று மஸ்டர் முடிந்தும் அவள் மலைக்குப் போகவில்லை. சிங்கராயன் பின்னறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"தோழரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்தக் குரலு எங்கம்மாதா?"

"என்னோடதுன்னு சொன்னேனே."

"எல்லாருக்கும் சொன்னீங்க. எனக்குச் சொல்லுங்க." அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா போட்டோ கூட இல்ல. எப்படிப் பேசும், எப்படிச் சிரிக்கும், ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. வளத்த சனம் எல்லாம் கஞ்சி ஊத்துச்சு, கதை சொல்லல. அதுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் தெனமும் வந்து கேட்டுட்டுப் போயிருவேன். தூணுல பேரு கேக்கல."

கஞ்சி ஆறிப் போயிருந்தது. தூணின் நிழல் அறைக்குள் வரை நீண்டு கிடந்தது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தூண் மிச்சமிருக்கும், அவர் இருக்கமாட்டார்.

"இல்லம்மா" என்றார். "அது நான்தான்."

தவமணி தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். பதினேழாம் கல்லுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

மாசியில் பூ உதிர்ந்தது. ஜனங்கள் செடிக்குச் சேவை செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அடுத்த வருடம் குரல் இன்னும் பலமாக வர வேண்டும் என்று விரும்பினார்கள். பலத்துக்கு வழி, தங்களுக்குக் கிடைக்காத எல்லாவற்றையும் அதற்குக் கொடுப்பது என்று நினைத்தார்கள். தேயிலைக்குப் போடுகிற யூரியாவை மடியில் முடிந்து கொண்டுவந்து தூவினார்கள். மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றினார்கள். குழந்தைக்கு வைத்திருந்த பாலில் கால் டம்ளர். சீனியம்மா முட்டை உடைத்து ராக்கன் தலையில் ஊற்றினாள். உயிரோடு இருந்தவரை அந்த மனுசன் முட்டை கண்டதில்லை என்று சொல்லி அழுதாள். கோயில் பூசாரி சந்தனம் தெளித்தார், சர்ச் உபதேசியார் தீர்த்தம் தெளித்தார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி தெளித்தார்கள். சங்கத்தின் புதுச் செயலாளர் ஞானசெல்வம், கைப்பேசியைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே, கல்தோட்டத்தைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் சிமெண்ட் வரப்பு கட்டினான், தண்ணீர் வீணாக ஓடிவிடக் கூடாதென்று.

தண்ணீர் தேங்கியது.

அந்த எஸ்டேட்டில் அந்தச் செடியைப் பற்றிப் படித்திருந்த ஒரே மனிதன் சன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கம், தடித்த எழுத்து. ஒரு சொல் போதும்: போடாதீங்க. அவர் சொல்லவில்லை. ஜனங்களின் அன்பில் தலையிட நான் யார் என்று தனக்குத் தானே ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டார். முதலில் செடிகள் தழைத்தன. சீரகம் போலிருந்த இலைகள் துளசி அளவுக்குப் பருத்துத் தளதளவென்று நின்றன. "பாத்தீங்களா, நம்ம கை பட்டதும் எப்படி!" என்றார்கள். அவரும் தலையாட்டினார்.

இரண்டாம் மார்கழியில் பூக்கள் பெரிதாக வந்தன, ஆனால் எண்ணிக்கை பாதி. குரல்கள் கெட்டியாக, மந்தமாக, விருந்து சாப்பிட்டுப் படுத்தவனை எழுப்பிக் கேட்ட மாதிரி வந்தன. "நாங்க" என்பதில் 'ங்க' கேட்கவில்லை. தையில் மெத்தைகளின் நடுவே பழுப்பு விழுந்தது. ராக்கன் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோனார். சீனியம்மாவின் இளமைக்குரல் வெள்ளிக்கிழமை. ஜனங்கள் இன்னும் அதிகமாக ஊற்றினார்கள். நோயாளிக்குத்தானே ஊட்டம் வேண்டும்?

பதினேழாம் கல் கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் விரிசலில் தண்ணீர் நிற்கவில்லை. தவமணி தினமும் வந்து, கிழிந்த குடையொன்றை அதன் மேல் பிடித்து, பாலோடு வருபவர்களிடம், "இதுக்கு வேண்டாம், மத்ததுக்கு ஊத்துங்க" என்று கெஞ்சினாள். அவள் எந்தத் தாளையும் படித்தவளில்லை. அம்மாவுக்கு எது ஆகாது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

"தலைவர் செடிக்கு மட்டும் பட்டினியா? நல்லா இருக்குடி உன் நியாயம்" என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். ஒருநாள் குடை உடைந்து சாக்கடையில் கிடந்தது.

அதைத்தான் சிங்கராயனால் பார்க்க முடியவில்லை. அவள் அழுதிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அழுகிற ஜனத்தைப் பார்த்துப் பழகியவர். அவள் சாக்கடையில் இறங்கிக் குடைக்கம்பியை எடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

மாசி ஒன்பது, நினைவு நாள். மேடை, மைக், நாற்காலி. ஞானசெல்வம் வழக்கமான வார்த்தைகளில் அழைத்தான்: களத்தில் நின்று முழங்கிய சிங்கம். சிங்கராயன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நான் முழங்கல" என்றார்.

கூட்டம் காத்திருந்தது. அவர் பேச்சை எப்போதும் இப்படித்தான் ஏதாவது ஒரு திடுக்கிடலில் தொடங்குவார்.

"நான் அன்னைக்குக் கீழயே இல்ல. கொழுந்து மாடில படுத்துக் கெடந்தேன். பயந்துட்டேன். முழங்குனது பொன்னுக்கிளி. ஆறாம் லயன் பொன்னுக்கிளி. காய்ச்சல்ல சாகல அவ, குண்டு பட்டுச் செத்தா. அவ பேரைத் தூணுல போடாம விட்டவன் நான். நோட்டீசுல பொய் எழுதுனவன் நான். அந்தப் பூவுல கேக்குறது அவ குரல். இன்னொண்ணு, அந்தச் செடிக்கு உரம் ஆகாது, பாலு ஆகாது, தேங்குன தண்ணி ஆகாது. தெரிஞ்சும் ஒரு வருஷமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். உங்க கையால அது சாகட்டும்னு இருந்தேன். நிறுத்துங்க. அந்த வரப்பை இடிங்க."

ஒரு மூச்சு நேரம், எழுபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, அவர் முதுகில் ஒரு பாரமும் இல்லாமல் நின்றார்.

பிறகு முன்வரிசையில் சீனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பெரிய மனசு பாத்தியா" என்றாள்.

ஒருவர் கை தட்டினார். பத்துப் பேர் தட்டினார்கள். ஞானசெல்வம் மைக்கை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கினான்.

"தோழர்களே! தான் செஞ்ச தியாகத்தை ஒரு ஏழைப் பொண்ணு பேருல எழுதிக் கொடுக்குற தலைவனை எங்கயாவது பாத்திருக்கீங்களா? பேரு வேண்டாம், புகழ் வேண்டாம், எனக்கு ஊத்துற பாலு கூட வேண்டாம்னு சொல்றாரே!"

மைதானம் அதிர்ந்தது. அவர் என்னவோ கத்தினார். மைக் இல்லாத கிழவனின் குரல் கைதட்டலுக்குள் எவ்வளவு தூரம் போகும்? நான்கு இளைஞர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து அவர் பார்த்தார்: ஜனங்கள் கேன் கேனாகப் பாலைக் கொண்டுவந்து கல்தோட்டத்தில் கவிழ்த்தார்கள், வரப்பு நிரம்பி, எண்கள் வெள்ளையில் மூழ்கி, பதினேழாம் எண்ணின் தலை மட்டும் தெரிந்தது. பொய்யை நாற்பது வருடம் அவர்கள் நம்பியது அவர் எழுதியதால். உண்மையை நம்ப மறுத்ததும் அதே நாற்பது வருடம் அவர் எழுதியதால். இறக்கிவிடச் சொல்லி அவர் தோள்களில் அடித்தார். தாளம் போடுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஆடினார்கள்.

கூட்டத்தின் கடைசியில் கைதட்டாமல் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் சிங்கராயன் வரப்புக்குள் இறங்கினார். புளித்த பால் நாற்றம். பத்து மெத்தைகளும் கையோடு வந்தன, கழுத்தழுகிக் கூழாக. பதினேழாம் கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, விரிசலைக் கழுவி, மார்போடு அணைத்து ஆறாம் லயனுக்குச் சுமந்து போனார். நான்கு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். தவமணி வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வெயில் படுற எடத்துல வை. உரம் கிட்டவே வரக் கூடாது. கழுத்தைச் சுத்திப் பொடிக்கல்லு. தண்ணி ஊத்துனா உடனே ஓடிரணும். பனியைப் பத்திக் கவலைப்படாத, அதுக்குப் பனி பிடிக்கும்."

அவள் கல்லை வாங்கிக்கொண்டாள். குழந்தையை வாங்குகிற மாதிரி இல்லை, கல்லை வாங்குகிற மாதிரியே.

"போன வருசம் தையிலயே நான் கேட்டேன்" என்றாள்.

"கேட்டே."

"அப்ப சொல்லியிருந்தா மத்த குரலும் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"நேத்து ஏன் சொன்னீங்க?"

"சாகப் போகுதேன்னு."

"செடியா, நீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, மஸ்டருக்கு நேரமாகிவிட்டது.

அந்த வருடம் தூணுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பொன்னுக்கிளி பெயரைச் சேர்க்கவில்லை, இடமில்லை என்றார்கள். ஏனென்றால் சிங்கராயன் பெயரைப் பெரிதாக்கி, முன்னால் 'தன்னலமற்ற' என்ற சொல்லையும் போட்டிருந்தார்கள். கல்தோட்டத்தை வரப்போடு நிரப்பிச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பூ வைத்தார்கள். ஞானசெல்வம் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த முழக்கத்தை ஒலிபெருக்கியில் போட்டால் இலைச் சலசலப்புதான் வந்தது. ஆகவே வேறொரு பெண்ணை வைத்துப் பேசிப் பதிவு செய்துகொண்டார்கள். ஜனங்கள் அதையும் கேட்டுக்கொண்டே மஸ்டருக்குப் போனார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள்.

மூன்றாம் மார்கழியில், புல் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில், சிங்கராயன் கம்பூன்றி ஆறாம் லயனுக்குப் போனார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், உடைந்த உரல்மேல், பதினேழாம் கல் இருந்தது. விரிசலில் செடி இளைத்து, இறுகி, சீரக இலையோடு, துரைசானி காலத்துப் பிடிவாதத்தோடு இருந்தது. ஒரே ஒரு பூ. வெயில் கூரை விளிம்பைத் தாண்டி அதைத் தொட்டது.

"மலையை வெட்டுனது யாரு?"

தெளிவான குரல். இருபத்தொரு வயது. பதில் சொல்ல ஒரு பூவும் இல்லை. லயன் வாசல்களில் ஆட்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தான்.

"செடியை நட்டது யாரு?"

சிங்கராயன் கிட்டே போனார். குனிந்தார். 'நாங்க' என்ற அந்த ஒற்றைச் சொல் நாற்பத்திரண்டு வருடமாக அவருக்குள்தான் கிடந்தது, வாயைத் திறந்தார். வெள்ளை ஆவி வந்தது. இன்னொருமுறை திறந்தார். அதே ஆவி.

தவமணி படங்கைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள், கல்மேல் விழுந்திருந்த அவர் நிழலைப் பார்த்தாள்.

"நகருங்க தோழரே. வெயிலை மறைக்காதீங்க."

அவர் நகர்ந்தார். வெயில் மறுபடி பூவின் மேல் விழுந்தது. பூ மூன்றாவது கேள்வியைக் கேட்டது.